மயில்சாமிக்கு அடுத்த கட்டம்

மேல வைக்க முடியாதுன்னா முடியாதுதான். மடியிலயே வெச்சுக்கறேன். என் பை, என் மடி, உங்களுக்கு என்னங்க நோகுது? போங்க, போய் முன்னாடி ஏறினவங்களுக்கு டிக்கெட் போடுங்க.

பாத்தீங்களா சார்? உக்கடத்துல ஏறினதுல இருந்து இதே பாட்டுத்தான். பையை மேல வை, பையை மேல வை. மேல வெச்சா மடங்கும். மடங்கினா ஓரம் தூக்கிக்கும். ஓரம் தூக்கினா ஒட்டாது. இதெல்லாம் அவனுக்குச் சொன்னாப் புரியுமா? விசில் ஒண்ணு கையில குடுத்துட்டாப் போதும், பஸ்ஸே அவன் பேர்ல எழுதி வெச்ச மாதிரி.

கோபமெல்லாம் இல்லீங்க. நான் பேசறதே இப்படித்தான்.

பையில என்னன்னா, ஸ்டிக்கர். எல்லாம் எங்க மாமனார் மூஞ்சி. சிரிக்காதீங்க. இருங்க, ஒரு ஷீட்டை எடுத்துக் காட்டறேன். ஓரத்தைப் புடிங்க, நடுவுல வேண்டாம், கைரேகை விழும். இவருதான். மருதாசலம், பாத்திரக்கடை, பொள்ளாச்சி. உயிரோட இருக்காரு சார். நல்லா இருக்காரு. இதைத்தான் நான் ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறேன்.

எனக்குக் கோயமுத்தூர்ல சாஃப்ட்வேர் வேலை. பெரிய கம்பெனியெல்லாம் இல்லை, கடைக்காரங்களுக்கு பில் அடிக்கிற புரோகிராம் எழுதிக் குடுக்கறது. மருந்துக் கடையில பில் வாங்கறீங்கல்ல, அதுல கட்டம் கட்டமாக் கோடு இருக்கே, அதை யாரோ ஒருத்தன் எழுதியிருக்கணும்ல. அந்த யாரோ ஒருத்தன் நான்தான். அதை மாமா பெருமையாச் சொல்லுவாரு. சொன்னதுலதான் வந்தது வினை. அவங்க வியாபாரிகள் சங்கத்துக்கு வெள்ளி விழா. அதுக்கு ஒரு மலர் போடறாங்க. உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் போட்டோ, கடைப்பேரு, போன் நம்பர். மாமா எந்திரிச்சு, "எங்க மாப்ள கம்ப்யூட்டர்லயே எல்லாம் பண்ணீருவாரு"ன்னு சொல்லீட்டாரு. இந்த வருசம் அவரு தலைவர் பதவிக்கு வேற நிக்கறாரு. நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?

தாள்ல ஒரு கட்டம் போடணும்னா மிஷினுக்கு நாலு விஷயம் சொல்லணுங்க. இடது ஓரத்துல இருந்து எவ்வளவு தள்ளி, மேல இருந்து எவ்வளவு கீழ, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. அவ்வளவுதான், சட்டுனு கட்டம் விழுந்துரும். வட்டம்னா நடுவுல எங்கேன்னு சொல்லணும், எவ்வளவு பெரிசுன்னு சொல்லணும். கோடுன்னா எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும். கேக்கறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். நான் என்ன பண்ணினேன்னா, ஒவ்வொரு போட்டோவைச் சுத்தியும் மெல்லிசா ஒரு சிவப்புக் கட்டம் போட்டேன். நாலு மூலையிலயும் குட்டிக் குட்டியா வட்டம், பூ மாதிரி. யாரும் கேக்கலை, நானாப் போட்டேன். மாமா மாதிரிக்கு ஒரு பக்கம் பாத்துட்டு, "ஏனுங் மாப்ள, கல்யாணப் பத்திரிகையாட்ட இருக்குது"ன்னாரு. அதை மடிச்சு சட்டைப்பையில வெச்சுட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டிட்டு இருந்தாராம்.

இன்னொண்ணு சொல்லணும், அதுதான் விஷயமே. கட்டம் போடச் சொல்றதுக்கு முன்னாடி மிஷின் கையில ஒரு பேனா குடுக்கணும். நிஜப் பேனா இல்லீங்க, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். என்ன நிறம், எவ்வளவு தடிமன்னு சொல்லணும். ஒரு தடவை சொல்லிட்டா அதையே புடிச்சுக்கும். நாமளா வாங்கி வேற குடுக்கற வரைக்கும் அதே பேனாதான். அடுத்து வர்றது யாரு, எவரு, அதெல்லாம் அதுக்குத் தெரியாது. கடைசியா எது கையில இருந்ததோ அதுலயே அடுத்த ஆளையும் போட்டுரும். மொன்னை மிஷின் சார் அது. புத்தி கிடையாது.

செயலாளர் குப்புராஜுன்னு ஒருத்தர். ஜவுளிக்கடை. அந்த ஆளைப் பத்திப் பேசினா பொள்ளாச்சி வந்தாலும் முடியாது. ஒரு நாளைக்கு போன் நம்பர் தப்பும்பாரு. மறுநாள் கடைப்பேரு தப்பும்பாரு. அவரோட போட்டோவுல முடி கம்மியாத் தெரியுதுன்னு மாத்தி மாத்தி அனுப்பிச்சாரு. அய்யா, முடி கம்மியாத்தான் இருக்கு, அதுக்கு நான் என்ன புரோகிராம் எழுதறது? அச்சுக்குப் போற அன்னைக்குச் சாயங்காலம் மறுபடியும் போன். எண்ணெய்க்கடை மயில்சாமி காலையில தவறிட்டாராம். நல்ல மனுசன், நான் இல்லைங்கலை. "அவருக்கு மட்டும் கறுப்புக் கட்டம் போட்டுருங்க தம்பி, நல்லாத் தெரியற மாதிரி தடிமனா, பிரஸ்காரன் காத்துட்டு இருக்கான்"ங்கறாரு. நான் என்ன உங்க கடையில துணி மடிக்கிற ஆளான்னு கேட்டுட்டேன். அவரும் விடலை, பதிலுக்கு என்னமோ சொன்னாரு. நானும் சொன்னேன்.

அந்த நேரம் பாத்து என் சம்சாரம் வந்து நிக்கறா. சுகுணா. "ஏனுங்க, அனுப்பறதுக்கு முன்னாடி அப்பா பக்கத்தை மட்டும் ஒருக்கா காட்டறீங்களா?" இது கேக்கற நேரமா, நீங்களே சொல்லுங்க. மனுசன் கொதிச்சுட்டு நிக்கறான். "உங்கப்பன் எங்கயும் ஓடிப் போயிர மாட்டாரு, நீ போய் அடுப்பைப் பாரு"ன்னேன். போயிட்டா. நான் உக்காந்து அந்த வரியை அடிச்சேன். பேரு மயில்சாமியா இருந்தா பேனா கறுப்பு, தடிமன். அடிச்சேன், அனுப்பினேன், லேப்டாப்பைப் படார்னு மூடினேன். காப்பி ஆறலை சார் அதுக்குள்ள. அந்த மாதிரி வேகத்துல எங்க ஆபீஸ்ல எவனாவது எழுதுவானா?

பக்கத்துக்கு ஆறு பேரு. புதுப் பக்கம் ஆரம்பிச்சா மெல்லிசு சிவப்புப் பேனாவைக் குடுன்னு முதல்லயே எழுதி வெச்சிருந்தேன், அதனால மத்த பக்கமெல்லாம் தப்பிச்சது. அந்தப் பக்கத்துல மயில்சாமி அஞ்சாவது. அகர வரிசைப்படி அவருக்கு அடுத்தது யாரு? மருதாசலம்.

ஆமாங்க. எங்க மாமா. தடிமனாக் கறுப்புக் கட்டம். நான் ஆசையாப் போட்டேனே பூ, மூலைக்கு மூலை, அதுவும் கறுப்பு. மலர்வளையம் வெச்ச மாதிரி.

நம்ம ஊருல போட்டோவைச் சுத்திக் கறுப்பாக் கட்டம் இருந்தா படிக்கவே வேண்டாமே. பேப்பர்ல தூரத்துல பாத்தாலே, அடடா, யாருன்னுதான் கிட்டக் கொண்டுபோறோம். அதுவும் மாமாவுக்குத் தை மாசம்தான் பைபாஸ் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவங்கதான் பாதிப்பேரு. சந்தேகமே வராதுல்ல?

கிணத்துக்கடவு தாண்டிட்டமா? இன்னும் இல்லையா. என்ன ஓட்டறான் இவன், மாட்டு வண்டியா?

போன ஞாயித்துக்கிழமை கல்யாண மண்டபத்துல விழா. புஸ்தகக் கட்டு மண்டபத்துக்கு வந்ததே கடைசி நிமிஷத்துல. ரிப்பனை அவுத்து ஆளாளுக்கு ஒண்ணு குடுத்துட்டாங்க. மாமா மேடையில உக்காந்திருக்காரு, வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. கீழ முதல் வரிசையில அத்தை. எல்லாரும் அவங்கவங்க போட்டோவைத்தான் தேடுவாங்க. அப்படியே ஒரு சத்தம் வந்தது பாருங்க மண்டபத்துல, சத்தம்னு சொல்ல முடியாது, சத்தம் நின்னு போன சத்தம். அத்தை புஸ்தகத்தை மூடி மடியில வெச்சு அது மேல ரெண்டு கையையும் வெச்சுட்டாங்க. அப்புறம் ஒரு கை மெல்ல எந்திரிச்சுத் தாலியைப் புடிச்சுக்கிச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே அழுகை.

குப்புராஜ் மைக்கைப் புடிச்சான். அச்சுல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு, கம்ப்யூட்டர் வேலை பாத்த தம்பி அதோ நிக்கறாருன்னு என்னைக் கையைக் காட்டறான். கடைசி நேரத்துல போன் பண்ணினது யாரு? தடிமனாப் போடுன்னது யாரு? எனக்கு எப்படி இருக்கும்? நான் நேரா மேடைக்கு ஏறினேன். ஏறி, ஒரு கோட்டுக்கு இத்தனை ஒப்பாரியா, மனுசன் செத்தா போயிட்டாரு, இதோ குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்காருல்லன்னு கேட்டேன். கேட்டதுல என்ன தப்பு? உக்காந்துதானே இருந்தாரு. மைக் அவ்வளவு பக்கத்துல இருந்தது எனக்குத் தெரியாது.

சுகுணா பாப்பாவைத் தூக்கிட்டு அவங்கப்பா வந்த கார்ல ஏறிட்டா. அவ்வளவுதான். அன்னைக்குப் போனவதான்.

சொல்லப்போனா மாமா ஒருத்தர்தான் சார் மனுசன். ஒரு வார்த்தை சொல்லலை. தினமும் சாயங்காலம் போன் பண்ணி, "சாப்ட்டீங்களா மாப்ள"ன்னு கேக்கறாரு. வெளியூர் உறுப்பினருக்கெல்லாம் புஸ்தகம் தபால்ல போயிருச்சா, உடுமலைப்பேட்டையில இருந்து ஒருத்தர் வீட்டுக்கு போன் பண்ணியிருக்காரு. எடுத்தது மாமாதான். அந்த ஆளு குரலைத் தாழ்த்தி, "எப்பங்க எடுக்கறாங்க?"ன்னு கேட்டிருக்காரு. மாமா, "இன்னும் முடிவு பண்ணலீங்க, பண்ணினதும் நானே சொல்றேன்"னாராம். அதை என்கிட்டச் சொல்லிட்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரிக்கறாரு. நான் சிரிக்கலை. மூக்கைச் சிந்திட்டு போனை வெச்சுட்டேன். அன்னைக்குக் கொஞ்சம் சளி இருந்தது.

ஆனா அத்தை விடலை. சகுனம் சரியில்லைன்னு தேர்தல்ல இருந்து வாபஸ் வாங்க வெச்சுட்டாங்க. அவரு எத்தனை வருசமா ஆசைப்பட்ட பதவி அது. கோயிலுக்குப் போய்ப் புதுசாத் தாலிக்கயிறு மாத்திக்கிட்டாங்க. போதாததுக்கு, மாமா போட்டோ வீட்டுல எங்கெங்க மாட்டியிருந்ததோ எல்லாத்தையும் கழட்டி பீரோவுல வெச்சுட்டாங்களாம். சட்டம் போட்ட எதுவும் கண்ணுல படக் கூடாதாம். இதுக்கெல்லாம் நான் பொறுப்பா? ஒரு வரி சார். ஒரே ஒரு வரி விட்டுப் போச்சு. மயில்சாமி முடிஞ்சதும் பேனாவை மறுபடி சிவப்புக்கு மாத்துன்னு ஒரு வரி. இதோ, புரோகிராமையே தாள்ல அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன், எந்த இடம்னு மஞ்சள்ல கோடு போட்டிருக்கேன். சுகுணாகிட்டக் காட்டிப் புரிய வெச்சுட்டா முடிஞ்சது. படிச்சவதான, புரியும்.

அவ என்ன சொல்றா தெரியுங்களா? நானா வலியப் போய் போன் பண்ணினேன். பண்ணினா, "எனக்கு அந்தக் கட்டத்தைப் பத்திப் பேச்சே இல்லீங்க"ங்கறா. பின்ன எதைப் பத்தி? "ஆபீஸ்ல எவன் மேலயோ கோபம்னா வீட்டுக்கு வந்து என் மேல விழறீங்க. அது முடிஞ்சா பாப்பா மேல. அது முடிஞ்சா கேஸ் சிலிண்டர் கொண்டுவர்றவன் மேல. ஒருத்தர்கிட்டப் பேசி முடிச்சுட்டு அடுத்த ஆளுகிட்ட வர்றப்ப மூஞ்சியை மாத்திட்டு வரத் தெரியாதா உங்களுக்கு? குப்புராஜ் அண்ணன் திட்டினதுக்கு எங்கம்மா என்னங்க பண்ணினாங்க?" இது என்ன பேச்சு? நான் சிவப்புப் பேனா கறுப்புப் பேனான்னு ஒரு நுட்பமான விஷயத்தை விளக்கிட்டிருக்கேன், இவ சம்பந்தமே இல்லாம எங்கயோ போறா. நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ போனே எடுக்கலை.

அதான் நேர்லயே கிளம்பிட்டேன், மாமாகிட்ட மட்டும் எந்த பஸ்ஸுன்னு சொல்லியிருக்கேன். நேத்துப் பூரா உக்காந்து இந்த ஸ்டிக்கரைப் பண்ணினேன். அந்தக் கறுப்புக் கட்டம் இருக்குல்ல, அதைவிட ஒரு நூல் பெரிசு. மேல வெச்சு ஒட்டினா கறுப்பு துளிகூட வெளிய தெரியாது. மெல்லிசாச் சிவப்பு, மூலையில பூ. மிச்சம் இருக்கற புஸ்தகத்துல நானே உக்காந்து ஒட்டப் போறேன், தபால்ல போனவங்களுக்கும் தபால்லயே அனுப்பப் போறேன். அத்தை முன்னாடி முதல் ஸ்டிக்கரை ஒட்டிக் காட்டிட்டு, பாத்துக்குங்க, உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு, பாப்பாவையும் அவளையும் கூட்டிட்டு அடுத்த பஸ்ஸு. பாப்பா இல்லாம வீடு வீடாட்டவே இல்லீங்க. அவளோட பென்சில் டப்பா மேஜை மேல கிடக்குது, அதை எடுத்து வைக்கக்கூட மனசு வரலை.

மன்னிப்பா? நான் எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கணும்? அதான் ஸ்டிக்கரே பண்ணிட்டு வந்திருக்கேனே.

இந்தா, மறுபடியும் போன் அடிக்குது பாருங்க. குப்புராஜுதான். காலையில இருந்து விடாம அடிக்கறான். ஸ்டிக்கரை முதல்ல அவன் கண்ணுல காட்டணுமாம், கமிட்டி பாத்து ஒத்துக்கணுமாம். எந்தக் கமிட்டி? புஸ்தகத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்காம மேடையில வெச்சு வெளியிட்டாங்களே, அந்தக் கமிட்டியா? அடிக்கட்டும்.

என்னங்க, மறுபடியும் வந்துட்டீங்க? பொள்ளாச்சி வந்துருச்சுன்னு எனக்குத் தெரியாதா? வழியில எங்க இருக்குது பை? அந்தம்மா போறதுக்கு இடம் இல்லையா? எனக்குக் காலே இல்லாத மாதிரி இடிச்சுட்டுப் போறாங்க, அது உங்க கண்ணுக்குத் தெரியலை. பை மட்டும் தெரியுது. என்னய்யா சர்வீஸ் இது, மனுசனை மனுசனா மதிக்கத் தெரியாத... இருங்க, போன் மறுபடியும் அடிக்குது, அவன்தான். ஒரே வழிதான் இவனுக்கு.

யோவ், உனக்கு வெக்கம் மானமே இல்லையா? நீயும் வேண்டாம், உன் சகவாசமும் வேண்டாம். இனி என் நம்பருக்குக் கூப்பிட்டே, நடக்கறதே வேற. வை போனை!

...

சார்.

இல்லீங்க. குப்புராஜ் இல்லை.

சுகுணா. இத்தனை நாளா எடுக்காதவ அவளாக் கூப்பிட்டிருக்கா. நான் பேரைப் பாக்கலை. அவன்தான்னு நினைச்சு... "சரிங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. "சரிங்க." வெச்சுட்டா.

எடுக்க மாட்டேங்கறா. இருங்க, திருப்பிப் போடறேன். வேற யார்கூடயோ பேசிட்டு இருக்கறதா வருது. நான் அவளைச் சொல்லலையே சார், பக்கத்துல உக்காந்து நீங்களே பாத்துட்டுத்தான இருந்தீங்க? அவளைத் திட்டறதா இருந்தா பேரு சொல்லித் திட்டியிருப்பேன்ல? பேரு சொல்லலையே நான்?

பஸ் ஏன் நின்னுருச்சு? ஸ்டாண்டு வாசல்லயே வரிசையா? ஆமா, இப்பத்தான் எல்லாப் பஸ்ஸும் வரணும்.

அட, அங்க பாருங்க. டீக்கடை ஓரத்துல, வெள்ளைச் சட்டை. மாமா சார் அது. டிவிஎஸ்ஸை எடுத்துட்டு வந்துட்டாரு. டாக்டர் வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, யாரு கேக்கறாங்க. என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு. முன்னாடி நிக்கறது பாப்பா, அவதான், மஞ்சக் கவுனு. இதைச் சொல்லத்தான் அவ கூப்பிட்டிருக்கா. சார், அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்க. கண்ணாடியைச் சுத்தின அந்தக் கறுப்பு ரப்பருக்குள்ள அவரை அப்படிப் பாக்கறதுக்கு... தள்ளுங்க சார், முழுசாத் தள்ளுங்க.

மாமா! மாமோவ்!

கேக்கலை அவருக்கு. போனைக் காதுல வெச்சிருக்காரு. சுகுணாகூடத்தான் பேசறாரு. இந்தப் பக்கம் பாக்கறாரு, பஸ்ஸைத்தான் பாக்கறாரு, தலையை ஆட்டறாரு. எதுக்கு ஆட்டறாரு? போனைப் பையில போட்டுட்டாரு. ஐயோ, பாப்பாவைத் தூக்கி முன்னாடி நிக்க வைக்கறாரு. வண்டியைத் திருப்பறாரு சார்.

கண்டக்டர்! கதவைத் திறங்க. கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் இங்கயே இறங்கணும். ஸ்டாண்டுக்குள்ள போய்த்தான் திறப்பீங்களா? அண்ணா. அண்ணா, கொஞ்சம் இங்க பாருங்கண்ணா. தெரியாமப் பேசிட்டேன். பையை எங்க வேணா வைங்க, கீழ போட்டு மிதிங்க, ஒரே ஒரு விசில் மட்டும் குடுங்கண்ணா.

சார், நீங்க சொல்லுங்க சார். நான் சொன்னா அவரு திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு.